மைல் ஓஸ்வால்ட்

"ஏங்க, மதலைமுத்து அஞ்சு நிமிஷத்துல ஓடிட்டானாம்!" என்றாள் டோரதி.

ஓஸ்வால்டின் கையிலிருந்த பன் நழுவிக் காப்பிக்குள் விழுந்தது.

"எதை ஓடினான்?"

"மைலைத்தான். நேத்து ஸ்கூல் பிராக்டிஸ்ல. பக்கத்து வீட்டுக் கேத்தரின் சொன்னா. சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ்ல உங்க ரெக்கார்டு காலியாம்."

"கேத்தரினுக்கு வேற வேலை இல்ல" என்று ஓஸ்வால்ட் ஸ்பூனால் பன்னைத் தேட ஆரம்பித்தார். பன்னும் கரைந்துபோயிருந்தது.

ரெக்கார்டு என்றால் சாமானிய ரெக்கார்டா? பள்ளிக்கூட ஹாலில், தேக்குப் பலகையில், வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்: ஒரு மைல், எஸ். ஓஸ்வால்ட், 1913, ஐந்து நிமிடம் நான்கு விநாடி. அந்தக் காலத்தில் ஆறு நிமிஷத்துக்குள் மைல் ஓடியவனைப் பிளாக்பள்ளி வட்டாரம் முழுக்கத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் ஐந்தே முக்கால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. இப்போது ஐந்தேகாலில் ஓடி வருகிறவனைக்கூட, "ஏன் தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்கள். காலம் இப்படித் தலைகீழாக மாறியும், இருபத்தைந்து வருஷமாக ஓஸ்வால்டின் வரியை மட்டும் ஒருத்தனாலும் அசைக்க முடியவில்லை.

ஆபீசில் அவர் வெறும் கிளார்க்குதான். ஆனால் தண்டு என்கிற கண்டோன்மென்ட் முழுக்க அவர் 'மைல் ஓஸ்வால்ட்'. டோரதியின் அப்பா பெண் கொடுத்ததே பலகையைப் பார்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அவர் முதலில் கூட்டிப்போவது அந்த ஹாலுக்கு, சாப்பாடெல்லாம் அப்புறம். அந்த வரி போய்விட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? தொப்பையும் குடையும்தான்.

யோசித்தார். பிரமாதமான யோசனை ஒன்று வந்தது.

"டோரதி, அந்தப் பையனை நாளைக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடலாம். மட்டன் புலாவ் பண்ணு. மீன் வறு. கஸ்டர்டும் இருக்கட்டும்."

"அடடே, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க!"

சாயங்காலம் பிராக்டிஸ். வயிறு முட்டத் தின்றவன் எப்படி ஓடுவான்? ஓஸ்வால்ட் தன் கையாலேயே பரிமாறினார். ஒல்லிப் பையன், குனிந்த தலை நிமிராமல் தின்றான். அவன் எழுந்துவிடக் கூடாதே என்று அவர் கதையை எடுத்துவிட்டார்.

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம் தம்பி. ஊரெல்லாம் பனி. எங்கம்மா தைலத்துல பஞ்சை நனைச்சு ரெண்டு காதுலயும் கெட்டியா அடைச்சு அனுப்பினாங்க. மூணாவது சுத்து வரைக்கும் நான்தான் கடைசி. அப்புறம் எனக்கு என்ன வந்துச்சோ தெரியல! தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரே பாய்ச்சல். ஒவ்வொருத்தனா தாண்டறேன், எல்லாம் அப்படியே நின்ன மாதிரி இருக்கானுங்க! அவமானத்துல தலையைத் தொங்கப் போட்டுட்டானுங்க. மைக்கேல்ராஜ்னு ஒருத்தன் முட்டியே போட்டுட்டான்னா பார்த்துக்கோ!"

"யம்மாடி! அவ்ளோ வேகமா சார்?"

"அவ்ளோ வேகம். அன்னியிலேருந்து அவனுங்க எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. பொறாமை! இந்தா, இன்னொரு கரண்டி புலாவ்."

மறுநாள் காலையில் கேம்ஸ் மாஸ்டர் சுந்தரராமன் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"சார், உங்களுக்குக் கோவில்தான் கட்டணும்! நேத்து மதலைமுத்து பறந்துட்டான். பாவம், வீட்ல ஒருவேளைக் களிதான் அவனுக்கு. வயித்துல ஏதாவது இருந்தாத்தானே சார் கால் ஓடும்? ஸ்போர்ட்ஸ் வரைக்கும் தினம் மத்தியானம் இங்கேயே அனுப்பிடறேன்."

"தினமுமா?" என்றார் ஓஸ்வால்ட் பலவீனமாக.

"உங்களை ஸ்போர்ட்ஸ் கமிட்டியிலும் சேர்த்தாச்சு. ஃபாதரே சொல்லிட்டார்."

கமிட்டியா? ஓஸ்வால்டுக்குப் பாதி உயிர் திரும்பியது. உள்ளே புகுந்தால் வழியா இல்லை! அன்றைக்கே கமிட்டிக்கு முன்னால் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"நம்ம ஓட்டப் பாதை சரியா ஒரு மைல் வருமா? எனக்கென்னமோ குறையும்னு படுது. எதுக்கும் அளந்துடலாம்."

அளக்கிற சங்கிலி வந்தது. வெயிலில் மூன்று பேர் பாதையோரம் நட்டிருந்த கொடி கொடியாக அளந்தார்கள். கடைசியில் சுந்தரராமன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், நீங்க ஜீனியஸ்! பாதை குறையல, அதிகமா இருக்கு! பாவிங்க நாம, பசங்களை இத்தனை நாள் சும்மனே கூடுதலா ஓடவிட்டிருக்கோம். கொடியெல்லாம் உள்ளே தள்ளி நட்டாச்சு."

அன்று சாயங்காலம் மதலைமுத்து இன்னும் சீக்கிரமாக வந்து சேர்ந்தான். ஓஸ்வால்ட் மரத்தடியில் உட்கார்ந்து, தன் வாயைத் தானே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெயிண்டர் வந்து பலகையைக் கழற்றித் துடைத்து வைத்தான். அதைப் பார்த்ததும் ஓஸ்வால்ட் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சர்ச்சுக்குள் போய் உட்கார்ந்தார். அப்போது கோபுரத்தில் மணி அடித்தது. சாயங்கால ஆறு மணி, திரிகால ஜெபம். உள்ளே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவள், வெளியே கடலை விற்றவன், சைக்கிளில் போனவன் எல்லாரும் அப்படியே நின்று தலை குனிந்தார்கள். ஜெபம் முடிகிறவரை தண்டில் ஒரு கத்தோலிக்கன் அசைய மாட்டான்.

ஓஸ்வால்டும் குனிந்தார். பாதி ஜெபத்தில் அவருடைய தலை மெல்ல நிமிர்ந்தது.

"மாதாவே, நீயே வழி காட்டினே!"

ஓட்டத்துக்கு நடுவில் மணி அடித்தால்? மதலைமுத்து நிற்பான். கடிகாரம் நிற்காதே! இதில் யாருக்கும் துரோகமில்லை, பாவமுமில்லை. பக்திதானே!

சனிக்கிழமை, மைல் ஓட்டத்தைக் கடைசிப் பந்தயமாக வைக்கச் சொன்னார். "வெயில் தாழ்ந்தப்புறம் ஓடட்டும் ஃபாதர். பசங்க பாவம்." ஃபாதர் உருகிப்போனார். அப்படியும் எல்லாம் சீக்கிரம் முடிந்து பையன்கள் கோட்டில் வந்து நின்றுவிடவே, ஓஸ்வால்ட் துள்ளி எழுந்து பழைய வீரர் என்ற முறையில் பேச ஆரம்பித்தார். ஒரு கண் கோபுரக் கடிகாரத்தில். காதுப் பஞ்சிலிருந்து மைக்கேல்ராஜ் முட்டி போட்டது வரை நிதானமாக ஒப்பித்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. முள் சரியான இடத்துக்கு வந்ததும் சட்டென்று, "வணக்கம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

துப்பாக்கி வெடித்தது.

எல்லைக்கோட்டில் ஸ்டாப்வாட்சோடு நின்றவர் சேஷகிரி மாஸ்டர். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். ஆனாலும், அந்த ஸ்டாப்வாட்ச் வாங்கிய நாளிலிருந்து அதை இன்னொருவர் தொட அவர் விட்டதில்லை. ஓஸ்வால்டின் ஐந்து நிமிஷம் நான்கு விநாடியைப் பிடித்ததும் அவர்தான்.

மூன்றாவது சுற்றில் மதலைமுத்து தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தான். டாண்! மணி அடித்தது.

கூட்டம் எழுந்து நின்றது. பையன்கள் அவரவர் இடத்தில் நின்றார்கள். மதலைமுத்துவும் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். ஓஸ்வால்ட் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபித்தார். வாழ்நாளில் இவ்வளவு நிறுத்தி நிதானமாக அவர் ஜெபித்ததே இல்லை.

ஜெபம் முடிந்தது. நன்றாக மூச்சு வாங்கிக்கொண்ட மதலைமுத்து அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகப் பாய்ந்து வந்தான்.

"நாலு நிமிஷம் நாப்பத்தெட்டு விநாடி!" என்று கூவினார் சேஷகிரி மாஸ்டர்.

தொப்பிகள் பறந்தன. ஓஸ்வால்ட் கூட்டத்தை இடித்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடினார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் ஓடியது அதுதான் முதல் தடவை.

"அதெப்படி மாஸ்டர் நாலு நிமிஷம்? ஜெபம் பண்ணின நேரம் எங்கே போச்சு?"

"மணி அடிச்சதும் வாட்சை நிறுத்திட்டேன். முடிஞ்சதும் மறுபடி ஓடவிட்டேன்."

"அநியாயம்!" ஓஸ்வால்டின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "நின்னு, நல்லா இளைப்பாறிட்டு ஓடினா அது ஒரு ஓட்டமா? என் காலத்துல எனக்கு யாராவது இப்படிச் சலுகை காட்டினாங்களா? நியாயத்தைச் சொல்லுங்க!"

"ஐயோ, கத்தாதீங்க" என்று டோரதி கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. மாஸ்டர் சொல்லட்டும்!"

கூட்டம் அடங்கியது. சேஷகிரி மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அவரை வாஞ்சையோடு பார்த்தார்.

"உனக்கும் இதேதாண்டா பண்ணினேன். அன்னிக்கும் நடுவுல மணி அடிச்சுது. வாட்சை நிறுத்திட்டு நானும் கண்ணை மூடிண்டேன். திறந்து பார்த்தா மத்த பசங்கள்லாம் அப்படியே நின்னுண்டிருந்தா. நீ ஒருத்தன் மட்டும் அரைச் சுத்து முன்னால ஓடிண்டிருந்தே!"