பீக்கன் மரத்துக்கு ஒரு மிரட்டல்

"வெட்டிடுவேன், தெரிஞ்சிக்கோ," என்று பீக்கன் மரத்தைப் பார்த்துக் கோடாலியை ஓங்கினான் சின்னதம்பி.

காய்க்காத மரத்தை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் வெட்டப் போக வேண்டும். இன்னொருவர் ஓடிவந்து, 'வேணாம், அடுத்த வருசம் காய்ச்சிடும்' என்று மரத்துக்காக ஜாமீன் நிற்க வேண்டும். ஜவ்வாது மலையில் எத்தனையோ பலாவும் புளியும் இதற்குப் பயந்து காய்த்திருக்கின்றன. இங்கே ஜாமீன் நிற்க வேண்டியவள் அவன் மனைவி மங்கம்மாள்.

"வெட்டு. யாரு வேணாம்னாங்க?" என்றாள் அவள்.

"நீ வேணாம்னு சொல்லணும்டி. மரம் கேட்டுனு இருக்குது."

"கேக்கட்டும். பன்னெண்டு வருசமா எருவத் தின்னுட்டு ஒரு கொட்டையாவது குடுத்துதா? இன்னிக்கே வெட்டு. அங்க சாமை வெதைக்கலாம்."

சின்னதம்பி சட்டென்று கோடாலியை இறக்கினான். 'வால்நட் மாதிரி சீமைக் கொட்டை, நல்ல விலை போகும்' என்று நாற்றுப் பண்ணைக்காரர் கொடுத்த ஒரு சாண் கன்றைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தவன் அவன். கன்றோடு ஒரு படமும் கொடுத்திருந்தார். ஓடு நீக்கிய பருப்பு, பழுப்பு நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக இருந்தது. அது எப்போது கிளையில் தொங்கும் என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

வந்ததெல்லாம் நோய். வருசா வருசம் கொத்துக் கொத்தாகப் பச்சைக் கட்டிகள். ஐப்பசி பிறந்தால் கறுத்து, நாலாக வெடிக்கும். நல்லவேளை, பக்கத்து நிலத்துச் சக்கரவர்த்திக்கு மர வைத்தியம் தெரியும்.

"வெடிக்கிற வரைக்கும் தொடாத அண்ணா, பரவிடும். வெடிச்சதும் உதிர்த்துட்டு நீ வூட்டுக்குள்ள போய்டு. சாறு பட்டா கை கறுத்துடும். நானே வாரினு போய்ப் பொதைச்சிடறேன்," என்பான். போன வாரம்கூட வாரிக்கொண்டு போனான். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

ஜாமீனுக்கும் சின்னதம்பி அவனையே கூப்பிட்டான். கோடாலியை ஓங்கியதுதான் தாமதம், சக்கரவர்த்தி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நிஜக் கண்ணீர்.

"வேணாம் அண்ணா. இனிமே எருகூட நானே போடறேன். வெட்டிடாத."

'இவனல்லவா ஜாமீன்' என்று சின்னதம்பி பூரித்துப் போனான். மங்கம்மாளோ அழுகிறவனை உற்றுப் பார்த்தாள்.

"காய்க்காத மரத்துக்கு இன்னாத்துக்கு இந்த அழுகை? பேய் புடிச்ச மரம் இது. ஆள மயக்குது. இனி ஒரு நிமிசம் வெக்கக்கூடாது."

சொன்னவள் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டாள். சின்னதம்பி குறுக்கே விழுந்தான். "நெசமாவே வெட்டாதடி, உன் காலப் புடிக்கறேன்," என்றான்.

அவள் கேட்கவில்லை. கோடாலி தலைக்குமேல் போயிற்று.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சக்கரவர்த்தியின் மனைவி நிவேதா குரல் கொடுத்தாள்.

"ஏங்க, செங்கத்துலேர்ந்து பீக்கன் யாவாரி வந்துட்டாரு. சின்னதம்பி அண்ணன் மரத்துக் கட்டியெல்லாம் தோல் உரிச்சி மூட்டை கட்டிட்டேன், வழக்கம்போல குடுத்துடட்டுமா?"