அழுகண்ணியும் அகல்யாவின் சம்பந்தமும்

பருத்திப்பட்டு,
ஞாயிறு மாலை.

அன்புத் தங்கை வசந்தகுமாரிக்கு அண்ணன் கலியமூர்த்தி ஆசியுடன் எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி மங்களம், மகள் அகல்யா மூவரும் நலம். செடியும் நலம். நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

நீ பார்த்துச் சொன்ன வானகரத்து வரன் கைநழுவியதற்கு நான்தான் காரணம் என்று மங்களம் சொல்லியிருப்பாள். நடந்ததைக் கேள். அகல்யா பால்கனியில் அழுகண்ணி என்று ஒரு செடி வளர்க்கிறாள், உள்ளங்கை அகலம்தான், இலையெல்லாம் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி, உச்சி வெயிலிலும் காயாத பனி மாதிரி மினுங்கும், ஆனால் பனியில்லை, பசை. சத்தில்லாத மண்ணில் முளைப்பதால் பூச்சி பிடித்துத்தான் வயிறு வளர்க்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து ஒரு கொசு மிதந்து வந்து இலையில் இறங்கியது. பக்கத்து மயிர்கள் ஒவ்வொன்றாக, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், அதன்மேல் சாய்ந்தன. எனக்கு பிரஷர், பென்ஷன், வந்தவர்கள் எல்லாமே மறந்துபோயிற்று.

மாப்பிள்ளையின் அம்மா பத்மா என் பின்னால் வந்து நின்று, “எப்படிண்ணா, சாதுவா?” என்றார். பெண்ணைக் கேட்கிறார் என்று எனக்கெப்படித் தெரியும்?

“ரொம்ப சாதும்மா,” என்றேன், கண்ணெடுக்காமல். “இருந்த எடத்த உட்டு அசையாது. அழகா மினுக்கிகினு இருக்கும். ஏமாந்து கிட்ட போனா மெதுவா கட்டிப்புடிச்சிக்கும். அப்பால சாரத்த உறிஞ்சிட்டு சக்கைய உட்ரும்.”

“அய்யய்யோ, யார?”

“எது சிக்கினாலும்தான். இந்த வாரமே நாலு முடிஞ்சிது.”

“டேய் அருளு, எந்திரிடா, ஊட்டுக்குப் போலாம்!”

மகன் அருள்மொழி பாதி பஜ்ஜியோடு எழுந்தார். சமையலறையில் விழுந்து விழுந்து சிரித்த அகல்யா, அவர்கள் படியிறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டாள். பையனை அவளுக்குப் பிடித்திருந்ததாம். அதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. நீ உடனே போய், அண்ணன் சொன்னது செடியைப் பற்றி என்று பத்மாவிடம் விளக்கிவிடு.

உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாதிருக்கட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கலியமூர்த்தி

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதற்குள் அகல்யாவே அருள்மொழிக்குப் போன் போட்டுச் சொல்லி, அவர் தன் அம்மாவை அழைத்துவந்து செடியைக் காட்டி, நேற்று காலை நிச்சயதார்த்தமும் முடிந்துவிட்டது. எனக்குப் பதிலாக நீதான் தட்டு மாற்றினாய். இருந்தாலும் எழுதியதை வீணாக்க மனமில்லை, அனுப்புகிறேன். தட்டு மாற்றும்போது என்னைத் தேடினாயாமே? பால்கனியில்தான் இருந்தேன். செடி பூத்திருந்தது. வருகிற வண்டு ஒட்டிக்கொண்டு சாகக் கூடாதென்று, பூவை மட்டும் இலைகளுக்கு எட்டாத உயரத்தில், நீளக் காம்பின் நுனியில் வைத்திருக்கிறது.