குடல் கிருமிகளுக்கு எதிராக ஓர் உண்ணாவிரதம்

அரிசி ஆலைத் தொழிலாளருக்காகப் பதினேழு முறை உண்ணாவிரதம் இருந்தவன் நான். சங்கம் அதற்காக எனக்குத் தந்தது ஒரு சால்வை. அதுவும் கிழிசல். போகட்டும். பதினெட்டாவதை எண்பத்து நாலாவது வயதில், என் வீட்டுச் சமையலறைக்கு எதிரிலேயே தொடங்கினேன்.

காரணம் டாக்டர் இராமலிங்கம். ஒரு மாதமாக எனக்கு வயிற்றுவலி என்று என் மனைவி பாஞ்சாலை அவரிடம் இழுத்துப் போனாள்.

"பெருங்குடல்ல நல்ல கிருமி ஒண்ணு இருக்குது தலைவரே. நமக்கு ஜீரணமாகாத நாரை அது தின்னு, பியூட்டிரிக் அமிலம்னு ஒண்ணு செய்யுது. குடல் சுவருக்கு அதுதான் சாப்பாடு. நீங்க வெள்ளைச் சோறும் போண்டாவுமா தின்னா அதுங்க பட்டினி. குடலும் பட்டினி."

மறுநாளே வீட்டில் வெள்ளைச் சோறு ஒழிந்தது. காலையில் கேழ்வரகுக் கூழ். மதியம் மொச்சை. ராத்திரி முருங்கைக்கீரை. ஐந்தாம் நாள் பொங்கி எழுந்தேன். அட்டையில் என் கோரிக்கைகளை எழுதி மாட்டினேன். வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தினம் இரண்டு போண்டா.

"இன்னாங்க இது, பெருக்குற எடத்துல?"

"சாகும்வரை உண்ணாவிரதம்."

"டீ?"

"டீ... உண்டு."

"உள்ள அதுங்க கோடிக்கணக்குல ஒழைக்குது. பட்டினி போட்டா இன்னா நியாயம்?"

"கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் பயப்படமாட்டேன். ராஜகோபுரத்துக்கு எதிர்லயே நின்னு கடவுள் இல்லன்னு பேசினவன்!"

"கடவுள் ஒண்ணும் உங்க வயித்துல குடியிருக்கல."

இரண்டாம் நாள் மாலை. வயிறு என்னைவிடச் சத்தமாகக் கோஷம் போட்டது. அப்போது பக்கத்து வீட்டு கைசர் ஜஹான், தெருப் பெண்கள் பத்துப் பேரோடு வந்தார். வாழ்க கோஷம். என் கழுத்தில் கதம்ப மாலை. பாஞ்சாலை ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"பேச்சுவார்த்தை முடிஞ்சிச்சு. ஒப்பந்தம் ரெடி."

"எல்லாக் கோரிக்கையும்?"

"ஒண்ணு வுடல."

"ஜல்தி கையெழுத்துப் போடுங்கண்ணே, தெருவே பாக்குது!" என்றார் கைசர் ஜஹான்.

கூட்டம் கைதட்டும்போது நான் எந்தக் காகிதத்தையும் படித்ததில்லை. போட்டேன். உடனே அவர் ஒரு டம்ளரை என் வாயில் வைத்தார். எலுமிச்சைச் சாறு என்று நினைத்தேன். கூழ்! உண்ணாவிரதம் முடிக்கும் டம்ளரைக் கூட்டத்தின் முன்னால் துப்பிய தலைவன் எவனும் இல்லை. கடைசிச் சொட்டு வரை, சிரித்த முகத்தோடு குடித்தேன்.

பிறகுதான் படித்தேன். என் பழைய மில் ஒப்பந்தத்தைப் பார்த்து அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தாள். 'குடல் கிருமித் தொழிலாளர் கோரியபடி தினமும் கூழ், கீரை, மொச்சை வழங்கப்படும். மூன்றாண்டுகளுக்குச் செல்லும்.' தொழிலாளர் சார்பில் பாஞ்சாலை. நிர்வாகத்தின் சார்பில் நான்.

"இது மோசடி!" என்று கத்தினேன்.

"இன்னொரு டம்ளர் இருக்குது, முதலாளி."