மூடாத அடைப்புக்குறி

‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் லேசில் வராது. எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யார் போன் ஹேங் ஆனாலும், யாருக்கு மருந்துச் சீட்டு புரியாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். தெரியாது என்று சொன்னால் படிப்புக்கே இழுக்கு என்று நினைத்திருந்தேன் (இப்போதும் கொஞ்சம் நினைக்கிறேன்).

அந்த நினைப்போடுதான் கொச்சியிலுள்ள ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் வீடியோ இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தேன். முதல் வேலைக்கான முதல் இன்டர்வியூ. உட்கார்ந்த இடம் அப்பாவின் ஆட்டோ. லயத்தில் போன் ரேஞ்ச் கிடையாது, வண்டிப்பெரியார் போகும் வழியில் ஒரு வளைவில்தான் கிடைக்கும் (அன்றைக்குப் பார்த்து மழை. ஆட்டோவின் மேல்துணி ஒழுகியதால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்புக்குக் குடை பிடித்தாள். முன்சீட்டில் அப்பா.

இன்டர்வியூ எடுத்த மேடம் மலையாளி, பொறுமைசாலி. யாராவது 2+3*4 மாதிரி ஒரு கணக்கைத் தட்டினால், அது ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ரெஜெக்ஸ் எழுதச் சொன்னார். ரெஜெக்ஸ் ஒரு சல்லடை மாதிரி. கணக்கின் விடை அதற்குத் தெரியாது. எண், குறி, எண் என்று வரிசையாக வந்தால் விடும். 2+*3 என்று வந்தால் தடுக்கும். ஒரே வரியில் எழுதினேன்.

“நன்னாயி” என்றார் மேடம். “பிராக்கெட் வந்நாலோ?”

“எத்தனை வந்தாலும் பிடிக்கும் மேடம்” என்றேன். (அந்த நிமிஷம் வரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை.)

ஏதோ சேர்த்தேன். மேடம் 2+3-க்கு முன்னால் ஓர் அடைப்பைத் திறந்து, மூடாமல் விட்டார். என் சல்லடை ‘சரி’ என்றது. திருத்தினேன். அடைப்புக்குள் அடைப்பு போட்டார். இரண்டு அடுக்குக்கு எழுதினேன். அவர் மூன்றாவது போட்டார். என் ஒற்றை வரி வளர்ந்து வளர்ந்து திரையை விட்டே வெளியேறிக்கொண்டிருந்தது. இதில் கொடுமை, ரெஜெக்ஸ் எழுதவும் அடைப்புக்குறிகள் வேண்டும். அவற்றில் எதையோ மூட மறந்துவிட்டேன், எது என்று தெரியவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. மைக் திறந்திருப்பதை மறந்து பல்லைக் கடித்தேன்.

“மூடு… மூடுன்னா மூடேன். மூடித் தொல.”

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. சினிமா பார்த்து நாலு வார்த்தை தெரியும். அதில் இது ஒன்று.

“என்னோடாணோ பறஞ்ஞது?” என்றார். என்னிடமா சொன்னாய் என்கிறார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா கேமராவுக்குள் தலையை நீட்டினாள்.

“இல்லைங்க மேடம், அவ என்னையத்தேன் சொன்னா. நாந்தேன் தொணதொணன்னு பேசிக்கிருந்தேன். எங்க வீட்டுல எப்பயும் அப்படித்தேன்.”

(அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைப் பார்த்து ‘மூடு’ என்று சொல்ல எங்கள் வீட்டில் அப்பாவுக்கே தைரியம் கிடையாது.)

“பிள்ள நல்ல பிள்ளதேங்க மேடம்” என்று முன்சீட்டிலிருந்து அப்பா சான்றிதழ் கொடுத்தார்.

மேடம் சிரித்துவிட்டார். எத்தனை அடைப்பு திறந்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்ள சாதாரண ரெஜெக்ஸால் முடியாது, எத்தனை அடுக்கு வந்தாலும் பிடிக்கும் ஒன்றை அதில் எழுதவே முடியாது என்றார். “அறியில்லன்னு பறஞ்ஞா மதியாயிருந்நு, மோளே.” தெரியாது என்று சொல்லியிருந்தால் போதுமாம். அதற்குத்தான் அந்தக் கேள்வியே.

பதில் சொல்ல நினைத்தேன். நகர்ந்த குடை வழியாக மழை கீபோர்டில் இறங்கி, லேப்டாப் அணைந்தது.

அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு வேறு இடத்தில் கிடைத்தது (அங்கே ‘தெரியாது’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்).

அம்மா கதை சொன்னால் ரேஷன் கடையில் ஆரம்பித்து, கடைக்காரர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய், அந்தக் கல்யாணத்துப் பாயசத்தில் இறங்கிவிடுவாள். இப்போதெல்லாம் அப்பா இடையில் புகுந்து, “ஒண்ணொண்ணா மூடிட்டு வா ஆத்தா” என்கிறார்.

“எம் மக சொல்லலாம். நீங்க சொல்லப்படாது” என்பாள் அம்மா.

நானும் ஒன்றை மூட வேண்டும். மேலே மழையைச் சொன்ன இடத்தில் ஓர் அடைப்பைத் திறந்துவிட்டு அப்படியே வந்துவிட்டேன். இதோ: )