அண்ணனின் டர்போவில் மாமனார் ஊற்றிய எண்ணெய்

விளாங்குடி,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள சூர்யபிரகாஷ் அண்ணனுக்குத் தங்கை சத்யப்ரியா எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் பாப்பாவும் நலம். பாப்பாவுக்கு மூக்கொழுகுவது நின்றுவிட்டது. மஸ்கட்டில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க மடப்புரத்துக் காளி துணை இருக்கட்டும். நலமில்லாமல் இருப்பது உங்கள் கார் ஒன்றுதான்.

சனிக்கிழமை விருமாண்டி மச்சான் அங்கே வருகிறார். எலுமிச்சை ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நேற்றுச் சாயங்காலம் "வண்டி எப்படிம்மா இருக்கு?" என்று நீங்கள் கேட்டதும் "நல்லாருக்குண்ணே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது பொய். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஆறு வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய காரை நாற்பது நாள்கூட ஓட்டாமல் விசா வந்து கிளம்பினீர்கள். சாவியை என் கையில் வைத்து, "இது டர்போ, சத்யா. ஃபுல் சிந்தடிக் ஆயிலத் தவிர வேற எதையும் ஊத்திராத. உன்னைய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றீர்கள். அப்பாவை நம்பவில்லை, என் வீட்டுக்காரரை நம்பவில்லை, என்னை நம்பினீர்கள். அதுதான் அண்ணே இப்போது என்னைச் சாப்பிடவிடமாட்டேன் என்கிறது.

நானும் வேதியியல் படித்தவள் இல்லையா, நீங்கள் சொன்னதோடு விடாமல் டர்போவைப் பற்றித் தேடிப் படித்தேன். அங்கேதான் என் நிம்மதி போனது. அதற்குள் இருந்து எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறதாம், நெருப்பாய்க் காய்கிறதாம், அதைத் தாங்கும் தண்டுக்கு மெல்லிசாக ஓடும் எண்ணெய்தான் உயிராம். சாதா எண்ணெய் என்றால் அந்தச் சூட்டில் சீக்கிரம் தீய்ந்து, அடிப்பிடித்த பால் மாதிரி கரியாக ஒட்டிக்கொள்ளுமாம். சிந்தடிக் லேசில் தீயாதாம், உள்ளே கசடு படியவும் விடாதாம். சரியென்று அதையே வாங்கி ஊற்றினேன். பத்தாம் நாள் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெக்கானிக் ராஜபாண்டியிடம் ஓடினேன். "கருத்தாத்தான்க்கா அது வேலை பாக்குதுன்னு அர்த்தம். உள்ள இருக்குற அழுக்கத் தூக்கிக்கிட்டுத் திரியுது. கருக்கவே இல்லைன்னாத்தான் யோசிக்கணும்" என்றார். அடுத்த வாரம் பார்த்தேன், மேற்கொண்டு கருக்கவில்லை. உடனே அதற்கும் பயந்துவிட்டேன். அன்றிலிருந்து குச்சியைத் துடைத்த காகிதத்தில் தேதி போட்டு, பாப்பா எந்த நிறத்தில் வெளிக்குப் போனாள் என்று குறித்துவைக்கும் நோட்டிலேயே ஒட்டிவந்தேன். என் வீட்டுக்காரர் ஜெயபாண்டிக்கு எல்லாம் கேலிதான். "ஏ சத்யா, டாக்டர்ட்ட பக்கத்த மாத்திக் காட்டிராத. பிள்ளைக்கு ஆயில் மாத்தச் சொல்லிறப் போறாரு."

இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்த எஞ்சினுக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானில் என் மாமனார் வீட்டில் வைத்து வந்தது வினை. மாமா எதையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் நம்புவார். விதை, சிமெண்டு, நான் எடுத்துக் கொடுக்கும் வேட்டி எல்லாமே அப்படித்தான். குச்சியை உருவித் தேய்த்தார். "ஏத்தா, இது எண்ணெயா? கையில பிசுக்கே இல்ல, தண்ணியால்ல ஓடுது. படிச்ச பிள்ளைய எவனோ நல்லா ஏமாத்திப்புட்டான்." நான் டர்போவையும் தண்டையும் கரியையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார். வெற்றிலைக் கொடிக்காலுக்கு வரும் வேளாண்மை அதிகாரிக்கும் அப்படித்தான் தலையாட்டுவார், அவர் ஜீப் திரும்பியதும் தன் இஷ்டத்துக்குச் செய்வார். கல்யாணமாகி நாலு வருஷமாக இது எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏனோ மறந்து தொலைத்தேன்.

நான் பாப்பாவை உள்ளே தூங்கவைத்த நேரத்தில் மாமா உங்கள் காரை வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஓட்டிப்போய், காய்ந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இரண்டு சக்கரம் அந்தப் பக்கம் இரண்டு சக்கரம் என்று நிறுத்தி, அடியில் படுத்து எண்ணெய் வடிக்கும் திருகைக் கழற்றி, இருந்த எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினுக்காக வாங்கி வைத்திருந்த கெட்டி எண்ணெயைக் குச்சியில் கோடு வரைக்கும் ஊற்றியிருக்கிறார். வடித்ததை அத்தை வீணாக்கவில்லை. கரையான் வராது என்று தேங்காய் நாரில் தொட்டுத் தொட்டுக் கொட்டகைத் தூணுக்கெல்லாம் பூசிவிட்டார். அண்ணே, உங்கள் ஃபுல் சிந்தடிக் இப்போது சோழவந்தானில் ஆட்டுக்கொட்டகையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இது எதுவும் தெரியாமல் நான் அன்றைக்கே வண்டியை ஓட்டிவந்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் பாப்பாவைப் பாலர் பள்ளியில் விட்டுவந்தேன். காலையில் கிளப்பினால் கடகடவென்றது. பாப்பாவுக்குச் சளி, வண்டிக்கும் ஏதோ குளிர் என்று நினைத்தேன், இதுதான் நான் படித்த படிப்பு. நேற்று மத்தியானம் மாமா கூப்பிடுகிறார்.

"வண்டி இப்ப எப்படித்தா? மாடு மாதிரி இழுக்குதா?"

"ஏன் மாமா?"

"நல்ல கெட்டி எண்ணெயா ஊத்திவிட்டேன்ல. நம்ம எஞ்சினுக்குக்கூட ஊத்தல, உனக்குத்தான் ஊத்தினேன்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார். "ஏன்த்தா அழுகுற, யாருக்கு மேலுக்கு முடியல?" என்றார் அத்தை. "டர்போவுக்கு, அத்தை" என்றேன். "அது யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார்.

இன்றைக்குக் காலையில் ராஜபாண்டி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். "உள்ள எப்படின்னு தொறந்து பாத்தாத்தான்க்கா சொல்ல முடியும்" என்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொல்வது மாதிரி சொல்லிவிட்டு அடியில் போனவர்தான், கால் மட்டும் வெளியே தெரிகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை அண்ணே. தை மாதம் வரும்போது காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அதில் மிச்சம் என்ன இருக்குமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னை நம்பி இனி ஒரு சைக்கிள் பம்பைக்கூடக் கொடுக்க வேண்டாம். மாமாவைக் கோபிக்காதீர்கள். தன்னிடம் இருந்ததிலேயே நல்லதைத்தான் எனக்கு ஊற்றினார். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியாமல் தவிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் அலையாதீர்கள். வீட்டுக்காரர் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். பாப்பா தன் மஸ்கட் மாமாவுக்கு ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னாள், வாங்கிக்கொள்ளுங்கள்.

மன்னிக்க முடிந்தால் மன்னிக்க வேண்டும்,
உங்கள் தங்கை
சத்யப்ரியா

பின்குறிப்பு: அண்ணே, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். ராஜபாண்டி எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றிவிட்டார். உள்ளே விளக்கி வைத்த எவர்சில்வர் சட்டி மாதிரி இருக்கிறது. டர்போவுக்குப் போகிற குழாயிலும் பொட்டுக் கரி இல்லை. "ஒன்னரை வருசமா நல்ல எண்ணெயா ஊத்தி உள்ள சுத்தமா வச்சிருக்கீங்க. அறுபது கிலோமீட்டர்ல அது கெட்டுப்போகுமாக்கா? மாத்தி ஊத்துனா முடிஞ்சிச்சு" என்கிறார். ஆகவே கார் என்னிடமே இருக்கட்டும், தை மாதம் நீங்கள் பஸ்ஸிலேயே வரலாம்.

ஒரு விஷயம் மட்டும். என் அழுகையைக் கேட்டுவிட்டு மாமா காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். கழற்றிப் போட்ட தட்டைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "ஏப்பா, ஓடுற எஞ்சினு இம்புட்டுச் சுத்தமாவா இருக்கும்?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம் ஒரு டீ வாங்கிக் குடித்தார். இப்போது, கொடிக்காலில் இருக்கிற ஆயில் எஞ்சினுக்கு ஒரு டர்போ மாட்ட முடியுமா என்று கேட்கிறார். ராஜபாண்டி மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் மாமாவிடம் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.