டாக்ஸியில ஏறிட்டேன்

உலகத்தில் எந்தப் பொருளுக்கும் முதலில் சொல்லும் விலை உண்மையான விலை கிடையாது. வண்ணாரப்பேட்டை புடவைக் கடைகளில் நான் கற்றுக்கொண்ட ஒரே வேதாந்தம் இதுதான். விலை கேட்க வேண்டும், முகத்தைச் சுளிக்க வேண்டும், "வேணாம்பா, நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அடுத்த கடை வாசலைத் தாண்டுவதற்குள், "யக்கா, இன்னாக்கா கோச்சிக்கினு போற? வாக்கா, நீயே ஒரு வெல சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வரும். வராமல் இருந்ததே இல்லை. (வந்ததும் உடனே திரும்பிவிடக் கூடாது. அது தனிக் கலை.)

அந்தக் குரலை நம்பித்தான் என் ஒரே தம்பியின் கல்யாணத்தைக் கோட்டை விட்டேன்.

ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்கை வெளியே எடுத்துத் தருகிற ஏஜென்சி ஒன்றில் எனக்கு பில் போடும் வேலை. கப்பலிலிருந்து இறங்கிய கண்டெய்னர் கேட்டைத் தாண்டுவதற்குள் அதன் தலையில் என்னென்ன செலவு ஏறும் என்பது எனக்கு அத்துப்படி. யார்டில் கிடந்தால் வாடகை, தூக்கினால் கூலி, இறக்கினால் கூலி, கடைசியில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி. இதில் பாதியை வாடிக்கையாளரிடம் முதல் நாள் மூச்சு விட மாட்டோம். ஆகவே மறைமுகச் செலவு என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். மறைத்து வைக்கிறவளே நான்தானே!

தம்பி பிரபு மலேசியாவில் ஒரு இயந்திரக் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். 'நான்தான் வளர்த்தேன்' என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், அதனால் என் சமையலைச் சாப்பிட்டும் அவன் எப்படியோ வளர்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே பிறந்த கவிதா என்ற தமிழ்ப் பெண்ணைப் பிடித்துப்போய், கிள்ளான் ஊரில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருத்திதான். தாலியும் கூறைப் புடவையும் நான்தான் கொண்டுபோக வேண்டும். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு.

"யக்கா, நீ வந்து அந்த முடிச்ச போட்டா போதும். எனக்கு வேற எதுவும் வாணாம்" என்றான் பிரபு ஃபோனில். அன்றைக்கு ஆபீஸில் நான் போட்ட பில் எல்லாமே தப்பு.

இரண்டு பேர் போகக் கட்டுப்படியாகாது என்பதால் நான் மட்டும் போவதாக ஏற்பாடு. உடனே செலவுகளின் மேல் பாய்ந்தேன். பெட்டி அனுப்பினால் தனிக் காசு என்றார்கள். கைப்பை போதும் என்றேன். அந்த ஊர் சிம் கார்டு எதற்கு? வேண்டாம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட் கல்யாணத்தன்று விடியற்காலையில் போய் இறங்குகிற டிக்கெட். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம் என்று எனக்கு ஒரே குஷி.

எங்கள் வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். லாரி வரிசையில் நின்று நின்று, எதுவும் நேரத்துக்கு நடக்காது என்பதில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்.

"இன்னாமே, கல்யாணத்தன்னிக்கு காலைலயா போய் எறங்குவ? ஒரு நாள் முன்னாடி போயேன்" என்றார்.

"லாட்ஜுக்கு யார் குடுப்பா?"

"பொண்ணு வூட்ல தங்கேன்."

"மாப்ள வூட்டுக்காரி நானு! கல்யாணத்துக்கு முன்னாடியே மூட்டைய தூக்கினு சம்பந்தி வூட்ல போய் குந்துனா நம்ம மானம் இன்னா ஆவறது?"

"பிரபு லாட்ஜ் போடறேன்னு சொன்னான் இல்ல?"

"அவன் காசு மட்டும் மரத்துல காய்க்குதா?"

என்னிடம் அதற்குமேல் பேசி ஜெயித்தவர் இல்லை. பிரபு விமான நிலையத்துக்கு ஒரு காரும் ஏற்பாடு செய்திருந்தான். வாடகையைக் கேட்டதும், "ஏன்டா, அந்த வண்டிய வெலைக்கே வாங்கறியா? கேன்சல் பண்ணு, நானே வந்துருவேன்" என்று அதையும் நிறுத்தினேன்.

இத்தனைக்கும் நான் முன்யோசனை இல்லாதவள் அல்ல. எதிர்பாராத செலவு வந்தால் எடுக்க என்று ஒரு சுருக்குப் பை தைத்து, அதில் மலேசிய ரிங்கிட் நோட்டுகளைத் தனியாக முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தாலியும் அதற்குள்தான். அந்தப் பணத்தைத் தொடாமலே திரும்பி வந்து காட்ட வேண்டும் என்று ஒரு வைராக்கியம். (யாரிடம் காட்ட? அதை மட்டும் யோசிக்கவில்லை.)

பையின் எடையைக் குறைப்பதற்காகப் பட்டுப் புடவையைக் கட்டி, அதன் மேலேயே ஒரு நூல் புடவையையும் சுற்றிக்கொண்டேன். மீனம்பாக்கத்தில் சோதனை செய்த பெண் காவலர் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணி முடியவே இல்லை. "இன்னாம்மா, குளிர் ஜுரமா?" என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

விமானம் சரியான நேரத்துக்குத்தான் இறங்கியது. அதன் மேல் நான் ஒரு பழியும் சொல்ல மாட்டேன். குடியேற்ற வரிசையில், 'எங்கே தங்குவாய்' என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, திரும்பும் டிக்கெட்டைக் காட்டி, கடைசியில் தாலியையும் எடுத்துக் காட்டி வெளியே வருவதற்குள் நன்றாக விடிந்து மழையும் பிடித்துக்கொண்டது. அப்போதும் நேரம் இருந்தது. டாக்ஸியில் போனால் முகூர்த்தத்துக்கு முன்பே போய்விடலாம்.

டாக்ஸிக்குக் கண்ணாடிக் கூண்டு ஒன்றில் முன்பணம் கட்ட வேண்டும். உள்ளே இருந்த பெண் சொன்ன தொகையை நம் காசுக்கு மாற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை. பாதியைச் சொன்னேன். அவள் சிரித்தபடி, சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலைக் காட்டினாள். நான் முகத்தைச் சுளித்தேன். "வேணாம்மா, நீயே வெச்சுக்கோ" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

மெதுவாக நடந்தேன். குரல் வரவில்லை. நின்று பையைச் சரி செய்வதுபோல் பாவனை செய்தேன். வரவில்லை. செருப்பைக் கழற்றி, இல்லாத கல்லைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தால், அவள் அடுத்த ஆளுக்கு ரசீது கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னை மறந்தே போயிருந்தாள்.

அப்போதாவது திரும்பிப் போய்க் கேட்ட காசைக் கொடுத்திருக்கலாம். சுருக்குப் பை நெஞ்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கோபித்துக்கொண்டு போனவள், யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பி வந்தால் கடைக்காரன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பயந்து பஸ்ஸைத் தேடிப் போனேன். மூளை என்ற ஒன்று எனக்கு இருந்திருந்தால் அந்த இடத்தில் அது என்னைக் கைகழுவிவிட்டது.

பஸ் ஏறுவதற்கு முன், விமான நிலையத்து இலவச வைஃபையில் பிரபு கூப்பிட்டான்.

"யக்கா, வந்துட்டியா? டாக்ஸி எட்த்தியா?"

பஸ் என்றால் திட்டுவான். "டாக்ஸியில ஏறிட்டேன்டா" என்றேன்.

"சரிக்கா, பேஜாரு பண்ணிக்காத, மெதுவா வா. நீ வராம நான் தாலி கட்ட மாட்டேன்."

அதற்குப் பிறகு என் ஃபோன் வெறும் கடிகாரம். பஸ் என்னை தலைநகரின் நடுவே இருக்கிற ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனது. வழியெல்லாம் மழையில் நனைந்த பனை மாதிரி மரங்கள்தான். அங்கே கிள்ளான் ரயில் என்று நினைத்து எதிர்த்திசை ரயிலில் ஏறினேன். தெரிந்து இறங்கி, மறுபடி காத்திருந்து, சரியான ரயிலில் உட்காரும்போது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. குளிரூட்டிய பெட்டியில் இரண்டு புடவையோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கவிதாவின் தாலி என் கழுத்துப் பையில் இருக்கிறது, கட்ட வேண்டிய இடத்தில் இல்லை. தாலி இல்லாமல் என்ன செய்வார்கள், காத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கிள்ளானில் இறங்கி, வாழ்க்கையில் முதல் முறையாக விலை கேட்காமல் டாக்ஸியில் ஏறினேன். மண்டபம் பக்கத்திலேயே இருந்தது. கைப்பையில் இருந்த சில்லறையே போதுமாயிற்று.

வாசலில் மேளச் சத்தம் இல்லை. சாம்பார் வாளிச் சத்தம் கேட்டது. இரண்டாம் பந்தி.

பிரபு மாலையும் கழுத்துமாக எதிரே வந்தான். பக்கத்தில் கவிதா, என் பையில் கிடந்த கூறைக்குப் பதிலாக வேறு பட்டில். அவள் கழுத்தில் ஈர மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள். தாலி வராவிட்டால் மஞ்சளைக் கோத்துக் கட்டலாம் என்று பெண் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முகூர்த்தம் முடியப் போகிறது, எத்தனை முறை அழைத்தும் என் ஃபோன் எடுக்கவில்லை. அவன் கடைசி நிமிஷம் வரை வாசலையே பார்த்திருக்கிறான்.

"முடிச்சு?" என்றேன்.

"சாந்தி அக்கா போட்டாங்க" என்றான். சாந்தி, அவன் அறைத் தோழனின் மனைவி. நல்ல பெண்தான். நாத்தனாருக்கு என்று பெண் வீட்டார் எடுத்து வைத்திருந்த மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையை உடுத்திக்கொண்டு, என்னைப் பார்த்துத் திருட்டுத்தனம் செய்தவள்போல் எழுந்து நின்றாள்.

பிரபு திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன், "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டான். நான் மண்டப வாசலிலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதேன். கவிதாவின் அம்மா ஓடி வந்து, "சம்பந்தியம்மா, மொதல்ல பொடவைய மாத்திக்குங்க" என்றார். "மாத்த வேணாங்க, அவுத்தா போதும்" என்று மேல் புடவையை உருவினேன். உள்ளேயிருந்து பட்டு வெளியே வந்ததைப் பார்த்து ஒரு குழந்தை கை தட்டியது. அந்த நாளில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

தாலியை, 'பிரித்துக் கோக்கும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம்' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதுவரை என்னால் இருக்க முடியாது. என்னுடையது தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட். அந்த நாளை வீடியோ காலில் பார்த்தேன். தாலியைக் கயிற்றில் கோக்கிற இடத்தில் படம் உறைந்துவிட்டது. சாந்தியின் கை மட்டும் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் சுருக்குப் பையை அவிழ்த்து மேஜை மேல் கொட்டினேன். ஒரு நோட்டுக்கூடக் குறையவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஏதோ கேலி செய்ய வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "மாத்திட்டு வந்துருங்க" என்றேன். "கெடக்கட்டும்மே" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனால் எவ்வளவு நாள்தான் அவரும் அடக்குவார்? ஒரு வெயில் காலத்தில், தண்ணீர் லாரி எங்கே என்று நான் கத்தியபோது, "டாக்ஸியில ஏறிட்டானாம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வராத கேஸ் சிலிண்டர், வராத சம்பளம் எல்லாமே டாக்ஸியில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. கிள்ளானிலும் இதே பேச்சாம்.

பிரபுவுக்கு இப்போது ஒரு மகள். நான் நேரில் பார்த்ததில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போகலாம் என்றபோதும் ஏதோ செலவு குறுக்கே வந்தது. குழந்தைக்கு என் பெயர் கலா என்று தெரியாது. அவளுக்கு நான் 'டாக்ஸி அத்தை'. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மழலையில் கேட்டாள், "டாக்ஸி அத்த, எப்ப வருவே?"

வாய்க்கு வந்த பதில்தான். "ஏறிட்டேன்டி செல்லம்" என்றேன்.

பிரபு சிரித்தான். எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். குழந்தை மட்டும் சிரிக்காமல் ஃபோனைப் பிரபு கையில் திணித்துவிட்டு, வாசலுக்கு ஓடிப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது.