நரிமுக தரிசனத் திட்டம்

அரசாங்கம் எதையும் யோசிக்காமல் செய்யாது. யோசிப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு யோசித்துத்தான் மஞ்சக்குப்பத்தில் ‘கடலோர அனுபவச் சுற்றுலா அலகு’ என்ற அலுவலகத்தைத் திறந்தது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவர்களைக் கடலூர் பக்கம் இழுப்பது அதன் நோக்கம். முன்பெல்லாம் அப்படித் திரிந்தவர்களைப் பரதேசி என்றோம். இப்போது பேக்பேக்கர் என்கிறோம்.

அலகின் கண்காணிப்பாளர் தேவநாதன், கீரப்பாளையத்துக்காரர். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காமலேயே அலைச்சறுக்கு பற்றிப் பக்கம் பக்கமாகக் கருத்துரு எழுதியவர். ஒரு நாள் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ‘தாம் அனுபவியாத எந்த அனுபவத்தையும் அலுவலர்கள் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கலாகாது. ஆகவே அலகினர் முதுகுப்பையுடன் பயணம் மேற்கொண்டு, அலைச்சறுக்கு கற்று, வனவிலங்கு கண்டு, அறிக்கை அளிக்க வேண்டியது. தவறினால் அலகு கலைக்கப்படும்.’

அலகு கலைந்தால் தேவநாதனுக்கு ராமநாதபுரம் என்று பேச்சு. மகள் அருள்மொழி பிளஸ் டூ படிக்கிறாள். பிளஸ் டூ வருஷத்தில் ஊர் மாறுவதும் குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைப்பதும் ஒன்றுதான். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் கோச் ஜெயப்பிரகாஷ் பலகையோடு காத்திருந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா காலமெல்லாம் கட்டுமரத்தில் நின்றார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகன் தலைக்குச் செம்பட்டைச் சாயம் அடித்துக்கொண்டு பலகையில் நின்றான், கோச் ஆகிவிட்டான்.

பலகை தண்ணீரைத் தொடுவதற்குள் ஒரு காவலர் ஓடிவந்தார்.

“அலை ஜாஸ்தியா இருக்கு. எறங்கக் கூடாது.”

“அலை நின்னா?”

“தாராளமா எறங்குங்க.”

“அலை இல்லாம சர்ஃபிங் எப்படி சார் பண்றது?” என்றான் ஜெயப்பிரகாஷ்.

“அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லப்பா.”

அலகின் தலைவர் ஸ்ரீமதி மேடம் ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தார். “பலகை இருக்கு, ஆள் இருக்கு, பின்னாடி அலையும் தெரியுது. மணல்லயே நில்லுங்க தேவநாதன்.”

தேவநாதன் தலைக்கவசம், மிதவைச் சட்டை, முதுகுப்பை சகிதம் மணலில் கிடந்த பலகைமேல் ஏறினார்.

“முட்டிய மடக்குங்க ப்ரோ. உள்ளார ஒரு வைப் வரணும்.”

“உள்ளார பொங்கல்தான்பா இருக்கு.”

அந்த நேரம் பார்த்து ஒரு பேரலை விதிமுறை படிக்காமல் கரையேறியது. பலகையோடு தேவநாதனைத் தூக்கியது. அவர் விழவில்லை. கை இரண்டையும் விரித்துக்கொண்டு, காற்றில் வேட்டி உலர்த்துகிறவர்போல, கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டே போனார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அறிந்ததில்லை. “மேடம், பாத்தீங்களா?” என்று நனைந்துபோய்க் கத்தினார்.

“பாத்தேன். அது அனுமதி இல்லாத அலை. ரிப்போர்ட்ல சேக்காதீங்க. மணல்ல நின்ன போட்டோ போதும்” என்றார் மேடம்.

அடுத்து கிள்ளை. பைகள் ஒரு ஜீப்பிலும், பைகளுக்கு உரிய முதுகுகள் இன்னொரு ஜீப்பிலும் போயின. எந்த விலங்கைக் காண்பது என்று இரவுச் சாப்பாட்டின்போது விவாதம் நடந்தது. கொக்கு கீரப்பாளையம் வயலில் தினமும் நிற்கிறது, அதைப் பார்க்க யார் பை தூக்கிக்கொண்டு வருவார்கள்? நீர்நாயை மேடமுக்குப் பிடிக்கவில்லை. “சதுப்புக்காட்டு மேட்டுல நரி இருக்கு சார்” என்றான் ஜெயப்பிரகாஷ்.

நரி முகத்தில் முழித்தால் நினைத்தது நடக்கும். தேவநாதன் ராமநாதபுரம் போகக் கூடாது என்று நினைத்தார். ஜெயப்பிரகாஷ் பாலித் தீவை நினைத்தான். மேடமின் பதவி உயர்வுக் கோப்பு சென்னையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா மக்கள் நம்பிக்கைய நாம மதிக்கணும்” என்றார், போன வாரம் மூடநம்பிக்கை ஒழிப்புக் கருத்தரங்கில் பேசிய மேடம்.

முழித்தவுடன் முதலில் படுவது நரி முகமாக இருக்க வேண்டும். ஆகவே விடியற்காலையில் அலகினர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, பதவி வரிசைப்படி படகுக்கு நடந்தார்கள். படகுக்காரர் குப்பன் மட்டும் கண்ணைத் திறந்திருந்தார். “நான் எங்க வூட்டு எருமை மூஞ்சிலயே முழிச்சிட்டேங்க. ஓட்டுறதுக்கு ஒருத்தனுக்காவது கண்ணு வேணுமில்ல?”

படகு சுரபுன்னைக் காட்டுக்குள் புகுந்து ஒரு மேட்டருகே நின்றது. “அதோ நரி! வளையிலேருந்து இப்பதான் தூங்கி ஏந்திரிச்சி வருது” என்று குப்பன் கிசுகிசுத்தார்.

யாரும் துண்டை அவிழ்க்கவில்லை. மேடமுக்கு முன்னால் அவிழ்ப்பது முறையா? மேடமின் முடிச்சோ இறுகிக் கிடந்தது. “தேவநாதன், அவிழுங்க!” அவர் கண் கட்டியபடியே தடவித் தடவி, முதலில் ஜெயப்பிரகாஷின் காதைத் திருகி, பிறகு முடிச்சைக் கண்டுபிடித்தார். மேடமின் துண்டு நழுவிய வேகத்தில் தேவநாதனுடையதும் நழுவியது. மேடம் தேவநாதன் முகத்தில் முழித்தார். தேவநாதன் மேடம் முகத்தில் முழித்தார்.

“போயிடுச்சிங்க. ரொம்ப நேரம் உங்க எல்லார் மூஞ்சியயும் உத்து உத்துப் பாத்துச்சி” என்றார் குப்பன்.

ராமநாதபுரம்தான் என்று தேவநாதன் முடிவு கட்டினார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ‘அலகினர் நரியின் நேரடிப் பார்வைக்கு உட்பட்டனர்’ என்று மேடம் எழுதிய அறிக்கையைத் தலைமையகம் கொண்டாடியது. அதே மேட்டில் கான்கிரீட் போட்டு ‘நரிமுக தரிசன முனையம்’ கட்டினார்கள். மேடம் பதவி உயர்ந்து சென்னைக்குப் போனார். ஜெயப்பிரகாஷ் பாலிக்குப் போய்வந்தான். முனையத்தின் பொறுப்பாளர் தேவநாதன். அருள்மொழி சொந்த வீட்டிலிருந்தே போய்ப் பரீட்சை எழுதினாள். குப்பனுக்குப் படகுக் குத்தகை. பேக்பேக்கர்கள் பெங்களூரிலிருந்தெல்லாம் வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு படகேறி, கட்டவிழ்த்து, முனையத்தின் வாசலில் வைத்த சிமெண்ட் நரியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நினைத்ததெல்லாம் நடந்ததாகப் பதிவும் போட்டார்கள்.

ஒரு காலை, கிள்ளைக் கடைத்தெருவில் தேவநாதனும் குப்பனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எச்சில் இலைக் குவியலில் ஏதோ மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. நாய்கள் சுற்றி நின்று குரைத்தன. எலும்பும் தோலுமாய், வால் பாதி உதிர்ந்து.

“நம்ம நரிதான் சார். வளை மேல கான்கிரீட்ட ஊத்திட்டாங்க இல்ல? எப்படி இருந்த நரி! பாவம், அன்னிக்கு யார் மூஞ்சில முழிச்சிதோ” என்றார் குப்பன்.

தேவநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சொன்ன பிறகுதான் குப்பனுக்கும் அது உறைத்தது.

நரி தலை நிமிர்ந்து அவர்கள் இருவரையும் பார்த்தது. உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டது.